ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் ஒன்பது வெளிச்சவீடுகள்

எனக்கு வயது ஐம்பத்தாறு. போன சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, ஸ்காபரோவில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் வைத்து ஒரு பெண்ணுக்குக் கண்ணடித்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவை. கல்யாணத்துக்கு முந்திக்கூட யாருக்கும் அடித்ததில்லை. ஒரு கண்ணை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடிவிடும் என்ற பயம்தான். அன்றைக்கும் அப்படித்தான் நடந்ததாம். பக்கத்தில் நின்ற என் கணவர் பிறகு சொன்னார்: "கண்ணுக்குள்ள பூச்சி விழுந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

ஏன் அடித்தேன்? அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமைப் பத்திரிகைப் பத்தி. சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

இரண்டு கிழமைக்கு முந்திய பத்தி நினைவிருக்கிறதா? கடைசியில் நாலே நாலு வரி எழுதியிருந்தேன். என் சிநேகிதி ராணியின் ஓவியங்களை ஏரிக்கரை நடைபாதையில் வைக்கப் போகிறார்கள், எல்லோரும் வந்து பாருங்கள் என்று.

வந்தீர்கள். எல்லோரும் வந்தீர்கள். அதுதான் பிரச்சினை.

முதலில் ராணியைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவள். வோபர்னில் ஒரு பார்மசியில் வேலை. குளிசைப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவது, சின்ன எழுத்தைச் சரிபார்ப்பது... இதுதான் நாள் முழுக்க. அவள் ஒட்டிய லேபல் ஒரு நூல் சரிந்திருந்து நான் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முதல், பிக்கரிங்கில் எங்கள் தெருவில், பழைய வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கராஜ் சேல். ராணியும் நானும் சும்மா போனோம். சும்மா போனவர்கள் சும்மா திரும்பிய சரித்திரம் உண்டா? நான் ஒரு இடியப்பத் தட்டளவு மணிக்கூட்டை வாங்கினேன். அது இன்றுவரை ஓடவில்லை. ராணி ஒரு பெரிய கடதாசிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல தடிப்பான தாள். முப்பது நாற்பது இருக்கும்.

"என்னத்துக்கு ராணி உது?"

"குசினி அலுமாரித் தட்டுக்கு விரிக்க அக்கா. பேப்பர் விரிச்சா எண்ணெய் ஊறுது. இது தாங்கும்."

வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தால், முழுக்க இலக்கங்கள். படகுக்காரரும் கப்பல்காரரும் கையில் வைத்துக்கொண்டு வழி பார்க்கும் பழைய வரைபடங்கள் அவை. எங்கள் ஒன்ராறியோ ஏரி, அதற்கு வடக்கே ஜோர்ஜியன் வளைகுடா. தரை வெறும் மஞ்சள். தண்ணீரில்தான் எழுத்தெல்லாம்.

வேறு ஆளாக இருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருக்கும். ராணிக்குச் சின்ன எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விட முடியாது. ஒரு கிழமை இருந்து வாசித்தாள். இந்த இலக்கம் தண்ணீரின் ஆழம். இந்தச் சின்னச் சிலுவைக் குறி, தண்ணீருக்கு அடியில் கல் கிடக்கிறது என்று சொல்வது. இந்த ஊதாத் துளி, கப்பலுக்கு விளக்குக் காட்டும் கோபுரம், வெளிச்சவீடு. அவளுடைய புருசன் அன்ரன் சிலுவைக் குறிகளைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்குள்ள இத்தனை கோயில் எப்பிடி வந்தது?" என்று கேட்டானாம்.

அலுமாரித் தட்டு வெறுமையாகவே கிடந்தது. ராணி வரைபடத்தின் மேல் தூரிகையால் ஒரு வெளிச்சவீட்டைக் கீறினாள். பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்தவில்லை.

அவள் கீறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நிறத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசுவாள். கோபுரத்துக்குள்ளாலும் ஆழ இலக்கங்கள் தெரிய வேண்டும். இரண்டாவது சட்டம் இன்னும் கடுமை. கல் இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு நிறமும் படக்கூடாது. கல் இல்லாத இடம் பார்த்துத்தான் கோபுரம் எழும்பும்.

இதனால் ஒரு படம் ஏடாகூடமாகிவிட்டது. அதுதான் இருப்பதிலேயே பெரியது. அந்த வரைபடத்தில் நடுப்பகுதி முழுக்கக் கற்கள். அதனால் வெளிச்சவீடு இடதுபக்க ஓரத்துக்கு ஒதுங்கி, இன்னும் ஒரு விரல் தள்ளினால் தாளை விட்டே இறங்கிவிடும் என்ற நிலையில் நின்றது.

பார்த்தவர் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"நடுவில வைச்சிருந்தா இன்னும் வடிவாயிருந்திருக்கும், ராணி."

"நடுவில கல்லுகள் கிடக்கு அக்கா."

"அதை ஆர் பார்க்கப்போகினம்?"

"கப்பல்காரன் பார்ப்பான்."

"இது சுவரில கொழுவுற படம். எந்தக் கப்பல்காரன் உம்மட சுவரில வந்து முட்டப்போறான்?"

ராணி சிரித்தாள். தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கல்லை மறைச்சுப்போட்டு வெளிச்சவீட்டைக் கீறினா, பேந்து அந்த வெளிச்சம் என்னத்துக்கு அக்கா?"

பதில் தெரியாத இடத்தில் தேத்தண்ணி கேட்பது என் வழக்கம். கேட்டேன். தந்தாள்.

இந்தக் கோடையில்தான் ஏரிக்கரை நடைபாதையில் படம் வைக்க அவளுக்கு இடம் கிடைத்தது. ஒரேயொரு சனிக்கிழமை. ஸ்காபரோவில் அந்த வெள்ளைக் களிமண் மலைகளுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிப் போகிற பாதை. ஒவ்வொரு கலைஞருக்கும் வேலியில் சில அடி. ராணிக்கு ஒன்பது படம் கொழுவலாம்.

அதற்கு முந்திய புதன்கிழமை, பார்மசியில் சாப்பாட்டு இடைவேளை நேரம் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, இதுவரைக்கும் இருபது படம் குடுத்திட்டன். எல்லாம் சொந்தக்காரருக்கு. வீடு குடிபூரலுக்கு, பேர்த்டேக்கு. எல்லாரும் வடிவாயிருக்கு எண்டுதான் சொல்லினம். என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு வேற என்னத்தைச் சொல்லுறது?"

"உண்மையிலேயே வடிவுதானே ராணி."

"நீங்களும் சொல்லுவீங்கள். எனக்கு ஒரேயொரு ஆசை அக்கா. என்னை ஆரெண்டே தெரியாத ஒரு ஆள் நிண்டு பார்க்கவேணும். ஒருத்தர் போதும். அந்த ஆள் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போனா, நான் தொடர்ந்து கீறுவன். இல்லாட்டி மிச்சத் தாள் எல்லாத்தையும் அலுமாரித் தட்டுக்கு விரிச்சுப்போட்டு என்ர வேலையைப் பார்க்கப்போறன்."

"பகிடி விடுறீரோ?"

"இல்லை அக்கா. தட்டையும் அளந்து வைச்சிட்டன்."

ராணி அளந்தாள் என்றால் விளையாட்டில்லை. ஃபோனை வைத்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. ஒரு சனிக்கிழமை. போகிறவர் எல்லாம் நாயோடும் பிள்ளைவண்டியோடும் போவார்கள். யார் நிற்பார்கள்? நிற்காவிட்டால்?

இந்த இடத்தில்தான் என் மூளை குறுக்கால் போனது.

எனக்கு டவுண்டவுனில் வேலை. பக்கத்து மேசையில் டெப்பி. நல்ல மனுசி. அவளைப் பிடித்தேன். விசயத்தைச் சொன்னேன். "நீ சனிக்கிழமை போய், தெரியாத ஆள்போல ஒரு படத்தை வாங்க வேண்டும். இருப்பதில் ஆகச் சின்னது. உன் பிறந்தநாளுக்கு நான் தரும் பரிசு என்று வைத்துக்கொள்." டெப்பிக்கு அன்றைக்கு வேறு வேலை. ஆனால் அவளுடைய தங்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறாளாம். அவளை அனுப்புகிறேன் என்றாள். மூன்று மணிபோல வருவாள். நான் அந்தத் தங்கையைக் கண்டதில்லை. ராணியும் கண்டதில்லை. இதைவிட வசதியாக ஒரு தெரியாத ஆள் கிடைக்குமா?

உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரி நான்தான் என்று நினைத்துக்கொண்டு ரெயினில் வீடு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. வெயில் என்றாலும் சுடாத வெயில். ஏரி நீலமாகக் கிடந்தது. ஒரு பக்கத்தில் மரத்துண்டுகளில் குருவி செய்யும் ஒருவர். மறுபக்கம் ஒரு ஃபோட்டோக்காரர். நடுவில் ராணியின் ஒன்பது வெளிச்சவீடுகள். தண்ணீரைப் பார்த்து, தண்ணீரின் வரைபடத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது.

பத்தரை மணிக்கு அன்ரன் வந்தான்.

அன்ரன் டிரக் ஓடுகிறவன். பெரிய மனம். பெரிய மனம் வான் வண்டியில் வந்தால் என்ன ஆகும்? ஒரு மடக்குக் கூடாரம் இறங்கியது. மூன்று மேசை. பதினெட்டுக் கதிரை. கூலர். இரண்டு பெரிய தேத்தண்ணி ஃபிளாஸ்க். பிறகு, அலுமினியத் தட்டுகளில் சுடச்சுட இருநூறு மட்டன் ரோல்ஸ்.

"அன்ரன், இது படம் பார்க்கிற இடமெல்லோ?" என்றேன்.

"அதுக்கு? சனம் அவ்வளவு தூரத்தில இருந்து வரேக்க வெறும் வயித்தோட அனுப்பேலுமே?"

மறுத்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ரோல்ஸைக் கையில் தந்துவிட்டுத்தான் கேட்டான்.

பன்னிரண்டு மணிக்கு நீங்கள் வரத் தொடங்கினீர்கள். பிக்கரிங்கிலிருந்து வந்தீர்கள். ஸ்ரௌவ்வில்லிலிருந்து மூன்று காரில் வந்தீர்கள். "உங்கட பத்தி பார்த்துத்தான் வந்தனாங்கள்" என்று என் கையைப் பிடித்தீர்கள். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் இல்லை. கல்லுப் பாதையில் ஹீல்ஸ் போட்டு வந்தவர்களை நான் மறக்கமாட்டேன். அந்த அன்புக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் என்ன செய்தீர்கள்? வந்தவுடன் ராணியைக் கட்டிப்பிடித்தீர்கள். ராணியோடு ஃபோட்டோ எடுத்தீர்கள். கல்யாண வீட்டு மேடையில் நிற்பதுபோல அவள் நிற்க, குடும்பம் குடும்பமாக வரிசையில் போனீர்கள். பிறகு ஆளுக்கொரு ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கதைத்தீர்கள். மோர்ட்கேஜ் புதுப்பிக்கிற கதை. ஸ்ரௌவ்வில்லில் பேஸ்மென்ட் முடித்த கதை. ஒருவர் ராணியிடம், "உந்த வெளிச்சவீட்டுக்குப் பதிலா எங்கட புது வீட்டைக் கீறித் தருவீங்களோ?" என்று கேட்டார். யாரென்று எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

வந்தவர்களில் மூத்தவரான பூமணி அன்ரி ஒரு கதிரையை எடுத்துக்கொண்டுபோய், அந்தப் பெரிய படத்துக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம்? பாதையால் வருகிற வேற்று மனிதர்கள் குருவிக்காரரிடம் நின்றார்கள். கூடாரத்தைக் கண்டார்கள். யாரோ குடும்பத்துக் கொண்டாட்டம் என்று மரியாதையாக ஒதுங்கி, பாதையின் மறு ஓரத்தால் போனார்கள். ஃபோட்டோக்காரரிடம் மறுபடி நின்றார்கள். நாயோடு போன ஒரு மனிதர் ராணியைப் பார்த்துக் கையசைத்து, "ஹாப்பி பேர்த்டே!" என்றார்.

ராணி "தாங்க் யூ" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம்.

ராணியின் மகள் ஷரோன் என் காதுக்குள் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. "அன்ரி, திஸ் இஸ் பாட். லிட்ரலி ஒருத்தருக்கும் இது ஆர்ட் ஷோ எண்டு தெரியாது. நாங்கள் பிக்னிக் மாதிரி இருக்கிறம். அம்மாட ஃபேஸைப் பாருங்கோ."

பார்த்தேன். ஃபோட்டோவுக்கு வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் பாதையில் இருந்தது. ஒவ்வொரு தெரியாத ஆளும் வரும்போது கூடவே வந்து, ஒதுங்கும்போது கூடவே ஒதுங்கி, போய் மறையும்வரை பின்னால் போனது. இத்தனை சனத்தையும் கூப்பிட்டது யார்? நான். நாலே நாலு வரியில்.

பூமணி அன்ரியிடம் போனேன். "அன்ரி, கொஞ்சம் தள்ளி இருப்பமோ?"

"ஏன் பிள்ளை? எனக்கு இஞ்சைதான் நல்ல காத்து."

இதற்குமேல் என்ன சொல்வது? எங்கள் ஆட்களிடம் போய், "வேற ஆக்கள் பார்க்க வேணும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மூன்று கல்யாணத்துக்கு அழைப்பு வராது. நாலாவது கல்யாணத்தில் அந்தக் கதையை மைக்கில் சொல்வார்கள்.

இரண்டரை மணி. கைத்தொலைபேசியைப் பார்த்தேன். டெப்பி காலையில் அனுப்பிய செய்தி: தங்கை மூன்று மணிக்கு வருவாள். வந்து? இந்தக் கூட்டத்தைக் கண்டு அவளும் ஒதுங்கிப் போய்விட்டால்?

அப்போதுதான் எனக்கு மூளை வெளித்தது. சனத்தை நகர்த்த முடியாது. ரோல்ஸை நகர்த்தலாம்.

கணவரைக் கூப்பிட்டேன். ரோல்ஸ் மேசையில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அலுமினியத் தட்டுகளோடு அப்படியே தூக்கினோம். பார்க்கிங் பக்கத்தில், ஒரு நூறு அடி தள்ளி, நல்ல மரநிழல். "வெயிலில ரோல்ஸ் பழுதாகுது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தோம். ரோல்ஸ் நடந்தது. தேத்தண்ணி நடந்தது. கூடாரம் நடந்தது. மோர்ட்கேஜ் கதை வசனம் முறியாமல் பின்னால் நடந்தது. அன்ரன் பூமணி அன்ரியின் கதிரையைத் தூக்க, அவர் கதிரைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு மனக்கசப்பும் இல்லாமல் இடம் வெளித்துவிட்டது.

ஒன்பது வெளிச்சவீடுகளும் அன்றைக்கு முதல் தடவையாகப் பாதைக்குத் தெரிந்தன.

ராணி, நான், கணவர். மூன்றே பேர்.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். கட்டையாக வெட்டிய நரைத்த முடி, இடுப்பில் கட்டிய நீல மழைக்கோட்டு, சப்பாத்தில் சேறு. குருவிக்காரரிடம் நின்றாள். பிறகு எங்கள் பக்கம் வந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாளே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. வெள்ளைக்காரர் நேரம் தவறமாட்டார்கள்.

முதல் படம், இரண்டாம் படம்... நடந்துகொண்டே பார்த்தாள். சின்னப் படத்தைத் தாண்டிப் போனாள். எனக்குக் குழப்பம். அதைத்தானே வாங்க வேண்டும்? டெப்பி சொல்லவில்லையா?

போய் அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்றாள். ஓரத்துக்கு ஒதுங்கின வெளிச்சவீடு. கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். குனிந்தாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். விரலை நீட்டி, தாளில் படாமல், ஒரு சிலுவைக் குறியிலிருந்து அடுத்த சிலுவைக் குறிக்குப் போனாள்.

பிறகு ராணியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் தருகிறேன்.

"இந்தக் கற்களை மறைக்கக்கூடாது என்றுதானே கோபுரத்தை இங்கே கொண்டுவந்தீர்கள்?"

ராணி ஓம் என்று தலையை ஆட்டினாள்.

"வேறு யாராக இருந்தாலும் நடுவில் கீறியிருப்பார்கள்" என்றாள் அந்தப் பெண். "இந்த வளைகுடாவில் அப்பாவின் படகில் ஒவ்வொரு கோடையும் போவோம். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு கல் வருகிறது, கல் வருகிறது என்று கத்துவது என் வேலை. இதோ, இந்தக் கல். இதில் ஒருமுறை முட்டியிருக்கிறோம்."

நான் பக்கத்தில் நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? டெப்பியின் தங்கைக்கு நடிப்பு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று நினைத்தேன். கண்கூடக் கலங்கினாற்போல் இருந்தது. ஆனால் இது பெரிய படமாச்சே! நான் சொன்னது சின்னப் படம். பிறந்தநாள் பரிசுக்கும் ஒரு அளவு இல்லையா?

அதனால்தான் கண்ணடித்தேன். அடித்துவிட்டு, நாடியைத் தூக்கிச் சின்னப் படத்தைக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அரை அடி பின்னால் வைத்தாள். என் கணவரைப் பார்த்தாள். ராணியைப் பார்த்தாள். கடைசியில் படத்தைப் பார்த்தாள்.

"இதைத்தான் எடுக்கிறேன்" என்றாள்.

பிடிவாதக்காரி, என்று நினைத்தேன்.

ராணி படத்தைச் சுற்றினாள். ஒரு நூல் சரியாமல் லேபல் ஒட்டும் கை, அன்றைக்கு டேப்பைக் கோணலும் மாணலுமாக ஒட்டியது. அந்தப் பெண் தன் கார்டால் மெஷினில் தட்டி, சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாதையால் நடந்து போய்விட்டாள். அவள் மறைந்த பிறகு ராணி வந்து என் தோளில் முகத்தை வைத்தாள்.

"நிண்டு பார்த்தவா அக்கா. கல்லைப் பார்த்தவா."

"ஓம் ராணி."

"ஒருத்தரும் சொல்லிக்குடுக்காமல் பார்த்தவா."

"...ஓம் ராணி."

அந்த இரண்டாவது ஓம் எனக்குள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, ராணி கோயில் வாசலில் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொன்னாளாம். அன்ரன் ஃபோனில் சொன்னான். அலுமாரித் தட்டுக்கு அளந்து எழுதிய துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். புதிதாக ஒரு வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டாளாம். "கன நாளைக்குப் பிறகு பாட்டுப் படிச்சுக்கொண்டு சமைக்கிறா" என்றான். கேட்கக் கேட்க எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சின்னப் பொய்தானே? நல்லதுக்குத்தானே? அப்படியும் யோசித்தேன். ஆனால் உறுத்தியது பொய் இல்லை. மூன்று வருடமாக நூறு தடவை "வடிவு" என்று சொன்னவள் நான். அந்தப் படம் தன்பாட்டில் ஒரு ஆளை நிறுத்தும் என்று ஒரு தடவையாவது நம்பினேனா? நம்பியிருந்தால் எதற்கு ஆள் வைத்தேன்? வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை. டெப்பி கையில் இரண்டு கோப்பியோடு வந்தாள். ஒன்றை என் மேசையில் வைத்தாள்.

"என்னை மன்னித்துவிடு. தங்கை வரவில்லை. அவளுடைய நாய் ஒரு காலுறையை விழுங்கிவிட்டது. சனிக்கிழமை முழுக்க மிருக வைத்தியரிடம். உனக்கு வொய்ஸ்மெயில் விட்டேனே, கேட்கவில்லையா?"

வொய்ஸ்மெயிலை யார் கேட்கிறார்கள்?

"வரவில்லையா?" என்றேன்.

"வரவில்லை."

"நீல மழைக்கோட்டு?"

"என்ன மழைக்கோட்டு?"

கோப்பி என் கீபோர்டில் கொட்டிக்கொண்டிருந்ததை டெப்பிதான் கவனித்தாள்.

அன்றைக்கு ரெயினில் வரும்போது தனியே இருந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போனார். போகட்டும். பிக்கரிங் வரும்வரை சிரித்தேன். இடையில் கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக்கூடாது. எங்களுக்கு அன்பு காட்டத் தெரியும். தள்ளி நிற்கத்தான் தெரியாது. அன்பு வந்தால் நேரே நடுவில் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவோம். பூமணி அன்ரி படத்தை மறைத்தார். நான் ஆள் வைத்து மறைக்கப் பார்த்தேன். யோசித்தால் நான்தான் மோசம். அன்ரியாவது காற்றுக்காக இருந்தார்.

இந்தக் கதையை நீங்கள் வாசிக்க முதல் ராணி கேட்க வேண்டும். அதுதானே நியாயம்? செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வோபர்னுக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் அவளை என் காருக்குள் ஏற்றி எல்லாவற்றையும் சொன்னேன். டெப்பி, தங்கை, சின்னப் படம், கண்ணடித்தது, நாய், காலுறை. ஒன்றையும் விடவில்லை.

ராணி சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கரண்டி பாதியில் நின்றது.

"கோவமோ?" என்று கேட்டேன்.

"ஓம். கோவம்தான்." என்னைப் பார்க்காமல் கண்ணாடியால் வெளியே பார்த்தாள். "என்னில நம்பிக்கை இல்லாமல்தானே ஆள் வைச்சனீங்கள்?"

"ஓம் ராணி. பிழைதான். மன்னிச்சுக்கொள்ளும்."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அப்ப அந்த மனுசி ஆர்?"

"தெரியாது."

"டெப்பிக்கு?"

"டெப்பிக்கும் தெரியாது."

"இவர் அன்ரன் ஏதும்..."

"அன்ரன் ரோல்ஸோட நிண்டவன். அவனுக்கு ஒண்டும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் ராணி, மெதுவாக. மறுபடி சொன்னாள். "ஒருத்தருக்குமே தெரியாத ஆள்."

கரண்டியைச் சோற்றுக்குள் விட்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்கள் கண்ணடிச்ச பிறகும் வாங்கிக்கொண்டு போனவா எண்டால், அக்கா... படம் நல்ல படம்தான்."